கீசருக்குள் இரு பகைவர்கள்

வீட்டில் வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறத்தை என்றாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில், சில வாரங்களிலேயே அதில் வெண்ணிறப் படிவு ஒன்று ஒட்டிக்கொள்வதைக் காணலாம். சுரண்டினால் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். பாத்திரமானால் தேய்த்துக் கழுவிவிடலாம். இதே படிவு குளியலறைச் சுவரில் மாட்டியுள்ள கீசருக்குள்ளும் நாள்தோறும் சேர்கிறது. ஆனால் அது நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே, ஒரு நாள் தண்ணீர் சுடாதபோது, "கீசர் திடீரென்று கெட்டுவிட்டது" என்கிறோம். உண்மையில் அது திடீரென்று நிகழ்வதன்று. கீசரைக் கெடுப்பவை எவை, அவற்றைத் தடுப்பது எப்படி என்பதைப் பள்ளியில் நீங்கள் கற்ற இயற்பியலையும் வேதியியலையும் கொண்டே அறியலாம்.

கீசரின் உள்ளே

கீசரின் முக்கிய உறுப்பு நீருக்குள் அமிழ்ந்திருக்கும் சூடேற்றும் தண்டு. அதன் நடுவே நிக்கல், குரோமியம் ஆகியவற்றின் கலவையான நிக்ரோம் கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளைச் சுற்றி மக்னீசியம் ஆக்ஸைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். இத்தூள் மின்சாரத்தைக் கடத்தாது. வெப்பத்தை ஓரளவு நன்றாகக் கடத்தும். இவற்றை மூடியிருப்பது தாமிரம் போன்ற உலோகத்தாலான குழல்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 15 லிட்டர் நீரை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் தேவை. ஆகவே தேவைப்படும் வெப்பம் 15 × 4.2 × 33 = 2079 கிலோஜூல். தண்டின் திறன் 2 கிலோவாட் என்றால், அது விநாடிக்கு 2 கிலோஜூல் தரும். எனவே சுமார் 1040 விநாடிகள், அதாவது 17 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும்.

முதற் பகைவன்: சுண்ணம்

கடின நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்துள்ளது. சூடாக்கும்போது இது சிதைந்து கால்சியம் கார்பனேட், நீர், கார்பன்-டை-ஆக்ஸைடு ஆகிய மூன்றாகப் பிரிகிறது. கால்சியம் கார்பனேட் நீரில் மிகச் சிறிதளவே கரையும். எனவே எந்த இடம் மிகவும் சூடாக இருக்கிறதோ, அங்கேயே அது படிகிறது. கீசரில் அந்த இடம் தண்டின் மேற்பரப்பே.

ஒரு லிட்டரில் 300 மில்லிகிராம் அளவுக்கு இவ்வகைக் கடினத்தன்மை உள்ள நீரை நாளொன்றுக்கு 60 லிட்டர் சூடாக்குவதாகக் கொள்வோம். நாள்தோறும் 18 கிராம் கீசருக்குள் வந்து போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு தங்கினாலும், ஓராண்டில் 650 கிராமுக்கு மேல் சேர்ந்துவிடும்!

படிவு சேர்ந்தால் மின்சாரச் செலவு கூடும் என்று பலரும் கூறுவர். விறகு எரித்துச் சூடாக்கும் பாய்லருக்கு இது பொருந்தும். அங்கே நீருக்குள் செல்ல முடியாத வெப்பம் புகையோடு வெளியேறிவிடும். ஆனால் கீசரின் தண்டு முழுவதும் நீருக்குள்ளேயே இருக்கிறது. அதில் பிறக்கும் வெப்பம் நீரைத் தவிர வேறெங்கும் போக வழியில்லை. எனவே மின்செலவு பெரிதாக மாறுவதில்லை. அப்படியானால் தீங்கு எங்கே?

தீங்கு தண்டுக்குத்தான். வெப்பம் பாய வேண்டுமானால் வெப்பநிலை வேறுபாடு தேவை. தாமிரத்தின் வெப்பங்கடத்தும் திறனைச் சுமார் 400 என்று கொண்டால், சுண்ணப் படிவின் திறன் அதே அலகில் 1 அல்லது 2 மட்டுமே. 60 சென்டிமீட்டர் நீளமும் 8 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட ஒரு தண்டை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் ஒரு மில்லிமீட்டர் படிவு இருந்தால், அதே 2 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற, தண்டின் மேற்பரப்பு முன்னைவிட ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி வரை கூடுதலாகச் சூடேற வேண்டும். படிவு மூன்று மில்லிமீட்டர் ஆனால் இது 150 முதல் 300 டிகிரி வரை போகும். உள்ளேயிருக்கும் நிக்ரோம் சுருள் இன்னும் அதிகமாகச் சூடேறும். முடிவில் சுருள் அறும், அல்லது குழல் வெடிக்கும். குழல் வெடித்தால் நீரில் மின்சாரம் பாய வாய்ப்புண்டு. நில இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் கீசருக்கு இன்றியமையாதவை என்பது இதனால்தான்.

இரண்டாம் பகைவன்: துரு

பல கீசர்களின் உட்கலன் எஃகினால் ஆனது. துருப்பிடிக்காமல் இருக்க அதன் உட்புறத்தில் கண்ணாடி போன்ற எனாமல் பூசியிருப்பார்கள். ஆயினும் அப்பூச்சில் ஊசிமுனை அளவுத் துளைகள் இருக்கக்கூடும். சூடான நீரும், அதில் கரைந்துள்ள ஆக்ஸிஜனும் அத்துளைகளின் வழியே இரும்பை அரிக்கத் தொடங்கும்.

இதைத் தடுக்கவே கலனுக்குள் ஒரு மக்னீசியம் கோலைப் பொருத்துகிறார்கள். மக்னீசியத்தின் மின்முனை அழுத்தம் −2.37 வோல்ட், இரும்புக்கு −0.44 வோல்ட். அதாவது எலக்ட்ரான்களை இழப்பதில் மக்னீசியம் இரும்பை முந்திக்கொள்ளும். அது இழக்கும் எலக்ட்ரான்கள் எஃகுக்குச் செல்வதால், இரும்பு தன் எலக்ட்ரான்களை இழக்காமல் பிழைக்கிறது. மக்னீசியம் கரைந்து கரைந்து மெலிகிறது, கலன் நிற்கிறது.

இந்த உத்தி புதியதன்று. அக்காலப் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்பகுதியில் தாமிரத் தகடுகள் போர்த்தியிருந்தார்கள். அவற்றைக் கடல்நீர் அரித்தது. 1824-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி, தாமிரத்தோடு இரும்பு, துத்தநாகம் போன்ற உலோகத் துண்டுகளை இணைத்தால் தாமிரம் அரிக்கப்படாது என்று காட்டினார். தாமிரம் பிழைத்தது. ஆனால் வேறொரு தொல்லை வந்தது. கரையும் தாமிரம் கடலுயிர்களுக்கு நஞ்சு. அது கரைவது நின்றதும், சிப்பியினங்கள் கப்பலின் அடியில் ஒட்டி வளர்ந்து அதன் வேகத்தைக் குறைத்துவிட்டன! கப்பற்படை அம்முறையைக் கைவிட்டது. ஆயினும் டேவி கண்ட தத்துவம் இன்று நம் குளியலறையில் வேலை செய்கிறது.

மக்னீசியக் கோல் முற்றிலும் கரைந்த பின் அடுத்து அரிபடுவது கலன்தான். தண்டு கெட்டால் மாற்றலாம். கலன் ஓட்டையானால் கீசரையே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே கோல் பாதிக்கு மேல் கரைந்ததுமே புதிய கோல் பொருத்திவிட வேண்டும்.

காவலன்: பாதுகாப்பு வால்வு

27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறும் 15 லிட்டர் நீர் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் விரிகிறது. மூடிய கலனில் இது அழுத்தத்தை வெகுவாக உயர்த்தும். அவ்வழுத்தத்தை வெளியேற்றுவது பாதுகாப்பு வால்வு. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகி, வால்வும் அடைத்துக்கொண்டால் பேராபத்து நேரும். வளிமண்டலத்தைப் போல் எட்டு மடங்கு அழுத்தத்தில் நீர் சுமார் 170 டிகிரியில்தான் கொதிக்கும். அந்நிலையில் கலன் பிளந்தால், நீரின் ஒரு பகுதி நொடியில் நீராவியாக மாறி வெடிக்கும். வால்விலிருந்து சொட்டும் நீர் தொல்லையாயிருக்கிறது என்று அதை ஒருபோதும் அடைக்கக்கூடாது.

செய்ய வேண்டியவை

1. குழாயைத் திறந்து நீர் வருவதைப் பார்த்த பிறகே கீசரைப் போட வேண்டும். நீரில்லாக் கலனில் தண்டு எரிந்துவிடும்.

2. வெப்பநிலையை 60 டிகிரி அளவில் வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் சுண்ணம் விரைவாகப் படியும். மிகவும் தாழ்ந்தால் தேங்கிய நீரில் நோய்க்கிருமிகள் வளரலாம்.

3. கடின நீர் உள்ள ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை, பயிற்சி பெற்றவரைக் கொண்டு கலனின் அடிக்கசடை வெளியேற்றி, தண்டையும் மக்னீசியக் கோலையும் வால்வையும் பார்க்கச் செய்யுங்கள். தண்டிலுள்ள படிவை வினிகர் போன்ற மென்மையான அமிலத்தில் ஊறவைத்து நீக்கலாம், கத்தியால் சுரண்டக்கூடாது. கீசரை நீங்களே திறக்க முயல வேண்டாம்.

4. சூடேறும்போது 'சடசட' என்ற ஓசை கேட்டால் படிவு மிகுந்துவிட்டது எனக் கொள்க. வெந்நீர் மட்டும் பழுப்பாக வந்தால் துரு கீசருக்குள் இருக்கலாம். தண்ணீரும் பழுப்பாக வந்தால் குழாயையோ மேல்நிலைத் தொட்டியையோ சோதிக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒட்டியுள்ள படிவைச் சிறிது சுரண்டி, ஒரு கண்ணாடிக் குவளையில் இட்டு, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். நுரைத்துக்கொண்டு குமிழிகள் எழும். அவை என்ன வாயு? படிவு எங்கே போயிற்று? விடை கண்ட பிறகு, கீசரின் மக்னீசியக் கோலைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று வீட்டில் கேளுங்கள்.