இருதய நோயாளியும் எடை நோட்டும்



ஒரு மூட்டைத் துவரம்பருப்பில் அரைக் கிலோ குறைந்தால் லாரி டிரைவரை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறவர்கள் நாம். அப்படிப்பட்ட நாம், கண்ணெதிரே ஒரு மனிதருக்குப் பத்தே நாளில் நாலு கிலோ எடை கூடியதைக் கவனிக்காமல் விட்டோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் மண்டியின் மூத்த கூட்டாளியான அண்ணாச்சிக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்டம் தப்பியது என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் அடைப்பை நீக்குவதற்குள் இருதயத் தசையில் ஒரு பகுதி கெட்டுப்போயிருந்தது. ரத்தத்தை இறைக்கும் பலம் குறைந்துவிட்டது. இதை டாக்டர்கள் இருதயச் செயலிழப்பு என்கிறார்கள். இருதயம் நின்றுபோனது என்று இதற்கு அர்த்தமல்ல; பம்பு பலவீனமாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஏழாம் நாள் மதினி, "கால் கொஞ்சம் வீங்கினாப்ல இருக்கு, உக்காந்தே இருக்கிறதுனால இருக்கும்" என்றார்கள். எட்டாம் நாள் இரவு அண்ணாச்சியால் படுக்க முடியவில்லை. நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கினார். வாயுத் தொல்லை என்று நாமே சோடா வாங்கிக் கொடுத்தோம். பத்தாம் நாள் விடியற்காலையில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. வார்டில் இருந்த நர்ஸம்மா முதலில் கேட்டது, "தினமும் எடை பார்த்து எழுதுனீங்களா ஐயா?" என்பதுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருந்தது. நாங்கள் மாத்திரைப் பட்டியலை மட்டும் படித்திருந்தோம். சீட்டில் 62 கிலோ, அன்று 66.

அந்த அம்மா விளக்கியது நமக்குப் பழகிய கணக்குதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு மூன்று நாளில் எவருக்கும் இரண்டு கிலோ சதை போடாது. இருதயம் சரியாக இறைக்காதபோது சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்கி வைக்கிறது. அந்த நீர் காலில் வீக்கமாகத் தெரிவதற்கு முன்பே பெரும்பாலும் தராசில் தெரிந்துவிடும். அப்போதே டாக்டரிடம் சொன்னால் மாத்திரை அளவை மாற்றியே சமாளிக்கலாம். ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டிய அவசியம் பல சமயம் வராது.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், காப்பிக்கு முன், தினமும் ஒரே மாதிரி உடையில், ஒரே மெஷினில் நிறுக்க வேண்டும். மெஷினைப் பாய்மீது வைக்காமல் கெட்டியான தரையில் வைக்க வேண்டும். தேதி போட்டு உடனே எழுத வேண்டும். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்றால் கடன் நோட்டு கதைதான். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்குமேல் கூடினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். உங்கள் நோயாளிக்கு டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. கூடவே கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். குழி விழுந்து நின்றால் நீர் இருக்கிறது. நேற்று ஒரு தலையணை, இன்று மூன்று கேட்கிறார் என்றால் அதையும் நோட்டில் எழுதுங்கள். எடை மளமளவென்று இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

உப்பு விஷயம் நம் தொழிலையே தொடுகிறது. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கே நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குழம்பில் குறைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும் மோர் மிளகாயும் வைத்தால் என்ன பிரயோஜனம்? கருவாடு, மிக்சர், ஆப்ப சோடா சேர்ந்த பலகாரம் எல்லாமே இந்தக் கணக்கில் சேர்த்திதான். இந்துப்பு நல்லது என்று நாமே விற்கிறோம். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான். சோடியம் குறைத்த உப்பு என்று வரும் பாக்கெட்டில் பொட்டாசியம் இருக்கும். இருதய நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகும். டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. கடைக்காரரும் சிபாரிசு செய்யக் கூடாது.

மாத்திரையில் மூன்று விஷயம் அனுபவத்தில் கண்டோம். நீர் பிரிய வைக்கும் மாத்திரையைக் காலையில் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடாது. எந்த நேரம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவை உடம்பில் நீரைத் தேக்கும். ஸ்டென்ட் வைத்தவருக்குக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும், 'நல்லாத்தானே இருக்கேன்' என்று தாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மறுபடி மாரடைப்பு வரக்கூடும்.

பார்க்கப் போகிற நாமும் பத்து நிமிஷத்தில் எழுந்து வருவது உத்தமம். வராத பாக்கியையும் பருப்பு விலையையும் கட்டிலருகே பேசிய குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

நெஞ்சு வலியோ படுத்தால் மூச்சு முட்டலோ வந்தால் சோடா வேண்டாம். நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, 108-ஐ அழையுங்கள்.

அண்ணாச்சி வீட்டில் இப்போது மதினிதான் கணக்குப்பிள்ளை. மூன்றாவது நோட்டு ஓடுகிறது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைப் பையோடு அந்த நோட்டும் போகிறது. டாக்டர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாடியைப் பிடிக்கிறார்.