ஓயாக் கவலையும் தச்சனின் ஆப்பும்

தியானத்தில் அமர்ந்தால் கவலை இரட்டிப்பாகின்றதென உபாசக அன்பர்கள் சிலர் நம்மிடம் முறையிடுவதுண்டு. "எண்ணாதே, எண்ணாதே" என்று மனத்தை அடக்க முயல்வதே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். 1987ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலறிஞர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும், வெள்ளைக் கரடியை ஐந்து நிமிடம் நினையாதிருக்கும்படி மாணவர்களைக் கேட்டனர். அவர்களால் இயலவில்லை. பின்னர்த் தடையை நீக்கியபோது, தொடக்கத்திலேயே கரடியை நினைக்க விடப்பட்டவர்களைக் காட்டிலும் இவர்களே அதனை மிகுதியாக நினைத்தனர்.

மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆம் சூத்திரத்தில், ஆசை, வெறுப்பு, மயக்கம் இவற்றோடு கூடிய எண்ணங்களை நீக்கப் பகவான் ஐந்து வழிகளை அருளியுள்ளார். பல்லைக் கடித்து மனத்தை மனத்தால் நசுக்குவது ஐந்தாவது வழி. மற்ற நான்கும் பயன்படாதபோதுதான் அதற்கு இடம். நம்மவர் பலர் அதிலேயே தொடங்குகின்றனர்! முதல் வழியோ, தச்சன் சிறிய ஆப்பால் பெரிய ஆப்பை அடித்து வெளியேற்றுவதுபோல, நல்லெண்ணத்தால் தீய எண்ணத்தைப் பெயர்ப்பது.

கவலைக்கு அச்சிறிய ஆப்பு எது? இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்து எட்வர்ட் வாட்கின்ஸின் ஆராய்ச்சி இங்கே துணை செய்கின்றது. மகனுக்கு வேலை கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "நமக்கு மட்டும் ஏன் இந்நிலை?" என்னும் கேள்விக்கு விடையில்லை, அது இரவெல்லாம் சுழலும். "நாளைக் காலையில் யாரைப் பார்ப்பது, எந்தச் சான்றிதழை எடுத்துச் செல்வது?" என்பதற்கு விடையுண்டு, அவ்விடையோடு எண்ணம் அடங்கும். இவ்வாறு பழக்கும் சிகிச்சையை, மருந்துண்டும் மனச்சோர்வு முற்றும் நீங்காத 42 பேரிடம் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 21 பேரும், இதனையும் சேர்த்துப் பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேரும் குணமடைந்தனர். சிறிய சோதனைதான், எனினும் புறக்கணிக்கத் தக்கதன்று.

"ஏன்" என்று கேட்பதே குற்றமென நாம் கூறவில்லை. பிறப்பால் வந்த இழிவு ஏன் என்று கேட்டதனாலன்றோ நாம் தம்மத்தை அடைந்தோம்! அது சங்கக் கூட்டத்தில் பலர் கூடிக் கேட்க வேண்டிய கேள்வி. நள்ளிரவில் பாயில் தனியே புரண்டுகொண்டு கேட்பதன்று.

தாமஸ் பார்கோவெக் என்னும் அமெரிக்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1983இல் மற்றொரு முறையை ஆராய்ந்து வெளியிட்டனர். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரைமணிப் பொழுதைக் கவலைக்கென ஒதுக்க வேண்டும். மற்ற வேளைகளில் கவலை எழுந்தால், அதனை அவ்வரைமணிக்குத் தள்ளிவைத்துக் கைவேலையில் கருத்தைச் செலுத்த வேண்டும். இது இல்லறத்தார்க்கு எளிது.

பல வாரங்களாக உறக்கமும் உணவும் கெட்டவர்களை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். தியானம் பழகுவதனால் மருந்தை நிறுத்திவிடலாமென்று எவரும் அவர்களுக்குச் சொல்லலாகாது. மேற்கூறிய 42 பேரும் மருந்து உட்கொண்டு வந்தவர்களே.