பாட்டு சேர்த்தா எதை எடுக்கணும்?

கல்ச்சுரல்ஸ் வரப்போகுது. எந்த டிபார்ட்மெண்ட் ஸ்கிட் டீமைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கதை ரெடி, நடுவுல ரெண்டு பாட்டு போட்டா போதும்." போன வருஷம் நானும் இதையேதான் சொன்னேன். என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ரெண்டு பழைய ஹாலிவுட் படங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.

ஒரே கதை, ரெண்டு கடை

முதல் படம் 1940-ல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்'. மிக்லோஷ் லாஸ்லோ எழுதிய ஒரு ஹங்கேரிய நாடகம்தான் இதுக்கு மூலம். புடாபெஸ்ட் நகரத்தில் ஒரு தோல் பொருள் கடை. அங்கே வேலை பார்க்கும் ஆல்ஃப்ரெடும் கிளாராவும் தினமும் சண்டை போடுவாங்க. ஆனா ரெண்டு பேரும் முகம் தெரியாத ஒருத்தருக்குக் காதல் கடிதம் எழுதிட்டு இருப்பாங்க. அந்த 'ஒருத்தர்' யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க.

1949-ல் எம்ஜிஎம் நிறுவனம் இதையே 'இன் தி குட் ஓல்ட் சம்மர்டைம்' என்ற இசைப்படமா மறுபடி எடுத்தது. ஜூடி கார்லண்ட், வான் ஜான்சன் நடிச்சாங்க. புடாபெஸ்ட் சிகாகோ ஆச்சு. தோல் கடை இசைக்கருவிக் கடை ஆச்சு.

பாடம் 1: பாட்டுக்கு ஒரு இடம் வேணும்

கடையை ஏன் மாத்தினாங்க? தோல் பை விற்கிற பொண்ணு திடீர்னு பாடினா நமக்கு ஒட்டாது. பியானோவும் பாட்டுப் புத்தகமும் விற்கிற கடையில் பாடினா, அது அவளோட வேலை. ஒரே ஒரு மாற்றம், எல்லாப் பாட்டுக்கும் காரணம் கிடைச்சிடுச்சு.

பாடம் 2: பாட்டு ஒரு வேலையைச் செய்யணும்

முதல் படத்தில் கிளாரா வேலை கேட்டு வர்றா. இல்லைன்னு சொல்லிடுறாங்க. உடனே அங்கிருந்த ஒரு இசைப் பெட்டியை எடுத்து, மிட்டாய் வைக்கிற பெட்டின்னு சொல்லி ஒரு அம்மாவிடம் விற்றுக் காட்டுறா. வேலை கிடைக்குது. இசைப்படத்தில் அதே இடத்தில் கதாநாயகி விற்கிறது ஒரு ஹார்ப். பாடிக்காட்டியே விற்கிறா. இங்கே பாட்டை எடுத்துட்டா கதை நகராது. இதுதான் நல்ல பாட்டுக்கு டெஸ்ட்.

பாடம் 3: நேரம் எங்கிருந்து வந்தது?

முதல் படம் 99 நிமிடம். இசைப்படம் 102 நிமிடம். இத்தனை பாட்டு சேர்த்தும் மூணு நிமிடம்தான் கூடியிருக்கு. அப்போ ஏதோ ஒண்ணு வெளியே போயிருக்கணும் இல்லையா?

போனது முதலாளியோட கதை. மூலத்தில் கடை முதலாளி மாட்டுசெக், தன் மனைவிக்கும் ஆல்ஃப்ரெடுக்கும் தொடர்புன்னு சந்தேகப்பட்டு அவனை வேலையைவிட்டு அனுப்புறார். தப்பான ஆளைச் சந்தேகப்பட்டோம்னு தெரிஞ்சதும் உடைஞ்சுபோய்த் தற்கொலைக்கு முயல்றார். கடைப்பையன் காப்பாத்துறான்.

இசைப்படத்தில் இதுக்குப் பதிலா ஒரு வயலின். முதலாளியோட விலைமதிப்பில்லாத ஸ்ட்ராடிவாரியஸை நாயகன் ஒரு தோழிக்கு இரவல் கொடுக்கிறான். விஷயம் வெளியே வந்து வேலை போகுது. நடுவில் பஸ்டர் கீட்டன் தடுக்கி விழுந்து வேறொரு வயலினை நொறுக்கும் காட்சிக்குச் சிரிக்காம இருக்க முடியாது.

சிரிப்பு கிடைச்சது, சரி. ஆனா மூலத்தில் கிறிஸ்துமஸ் இரவில் கடை மூடின பிறகு ஒரு காட்சி வரும். போக வீடு இருந்தும் துணை இல்லாத முதலாளி, ஒவ்வொரு ஊழியரா "இன்னிக்கு எங்கே சாப்பாடு?"ன்னு விசாரிப்பார். எல்லாருக்கும் ஓர் இடம் இருக்கும். கடைசியில், ஊரில் யாருமே இல்லாத புதுப் பையன் ஒருத்தனைக் கூட்டிக்கிட்டு விருந்துக்குப் போவார். எனக்கு முழுப் படத்திலும் பிடிச்ச காட்சி இது. இசைப்படத்தில் இந்தக் காட்சி வர வழியே இல்லை. அங்கே முதலாளிக்கு நிச்சயதார்த்தமே நடக்குது, தனிமை ஏது? ஒரு ஃபங்ஷனை டெலீட் பண்ணினா, அதைக் கூப்பிடுற இடமெல்லாம் சேர்ந்து போகும்ல, அதே கதைதான்.

இப்போ எங்க கதை

போன வருஷம் எங்க ஸ்கிட்டுக்கு 20 நிமிடம். ஸ்கிரிப்ட் நான். மூணு பாட்டு சேர்த்தேன். நேரம் பத்தலைன்னு, அப்பா பையனுக்காக வண்டியை விற்கிற காட்சியைத் தூக்கிட்டேன். கிளைமாக்ஸில் அப்பா அழுவார். கடைசி ரிகர்சலில் அப்பாவா நடிச்ச ஜூனியர் வந்து, "அண்ணா, நான் இப்போ எதுக்கு அழறேன்?"னு கேட்டான். "சும்மா அழுடா, பாட்டு தூக்கிடும்"னு சொன்னேன். மேடையில் அவன் அழுதப்போ ஆடிட்டோரியமே சிரிச்சது. அவன் அதுக்கப்புறம் ஸ்கிட் பக்கமே வரலை. அது அவன் தப்பில்லை, என் தப்பு.

நீங்க செய்ய வேண்டியது

1. எல்லாக் காட்சிகளையும் ஒரு பேப்பரில் வரிசையா எழுதுங்க.
2. எடுக்கப்போற காட்சியிலிருந்து, அதை நம்பியிருக்கிற பின்காட்சிகளுக்கு அம்புக்குறி போடுங்க.
3. அம்புக்குறி இருந்தா, அந்தக் காட்சியைத் தொடாதீங்க. இல்லைன்னா, பின்காட்சியையும் சேர்த்து மாத்துங்க.
4. பாட்டு எந்த வேலையும் செய்யலைன்னா, முதல்ல அதை எடுங்க.

ரெண்டு படத்தையும் இந்த வீக்கெண்டே பாருங்க. அந்த ஜூனியர் இதைப் படிச்சா: தம்பி, இந்த வருஷம் ஸ்கிரிப்ட்ல அப்பா வண்டியை விற்கிறார். வந்துடு.