பழுகாமத்து ஆசிரியரும் ஆராய்ச்சியும்

கேள்வி: சர்வகலாசாலைப் பதவியோ ஆங்கிலச் சஞ்சிகைத் தொடர்போ இல்லாத கிராமத்து ஆசிரியன் எழுதுவதைக் கல்வியாராய்ச்சி என்று எவர் ஏற்பார்?
— ஓர் ஆசிரியர், பழுகாமம்

பதில்: உங்கள் ஊரைப் போலவே மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலுள்ள மண்டூரில் பிறந்த பண்டிதர் வி. சீ. கந்தையா, இப்பிரதேசத்தின் சரித்திரத்தையும் வழக்காறுகளையும் கூத்துக்களையும் திரட்டி 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என வெளியிட்ட நூலை, இன்றும் இப்பகுதியை ஆராய்வோர் தேடிப் படிப்பதை அறிந்தால், உங்கள் ஐயம் பெரிதும் நீங்கும். ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்பதுமில்லை: காரைதீவில் பிறந்து, பள்ளி ஆசிரியராயிருந்து, பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரான சுவாமி விபுலானந்தர், பல்லாண்டு உழைத்து எழுதிய, பழந்தமிழ் இசை பற்றிய ‘யாழ் நூலை’ 1947இல் தமிழிலேயே அன்றோ அரங்கேற்றினார்!

ஆராயும் பொருளும் உங்கள் பள்ளியிலேயே இருக்கிறது. 1945இல் அப்போதைய கல்வி மந்திரி கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆனால் கட்டணம் நீங்கியபின்னும், விதைப்பும் அறுவடையும் நிகழும் மாதங்களில் எந்த வகுப்புப் பிள்ளைகள் வரவில்லை, திரும்பி வந்தபோது எந்தப் பாடத்தில் தடுமாறினர் என்பன, கொழும்பிலிருந்து கொள்கை வகுப்போர் காணாதவை. அவை உங்கள் வரவுப் பதிவேட்டிலும் அப்பியாசக் கொப்பிகளிலும் கிடப்பவை. இரண்டு வருஷம் பொறுமையாய்க் குறித்து வாருங்கள். முன்னோர் எழுதியவற்றை வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் தேடிப் படித்து, உங்கள் ஊகத்துக்கு மாறான சாட்சியத்தையும் மறைக்காது எழுதுங்கள். குறிக்கத் தொடங்குமுன் பெற்றோரின் சம்மதம் பெற்று, சஞ்சிகைக்கு அனுப்புமுன் பிள்ளைகளின் பெயர்களை நீக்கிவிடுங்கள். கட்டுரையைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் ஒரு சுருக்கம் சேர்த்தாற் போதும்.