மூன்றாம் படி

எப்போதும்வென்றான் என்பது நம் கரிசற் சீமையிலுள்ளதோர் ஊர். கால்பந்துக் களத்திலோ அப்பெயருக்குரியார் எவரும் இலர். இவ்வுண்மையைத் தேசிய ஆட்ட வரிசையின் மூன்றாம் படியிற் காண்போம்.

போட்டிகள் இருவகைப்படும். கோப்பைப் போட்டியில் தோற்றவர் அன்றே நீங்குவர். ஆதலின் எளியோரும் ஒருநாள் வலியோரை வெல்லல் கூடும். 1911இல் மோகன் பகான், கிழக்கு யார்க்‌ஷயர் படையினரை வென்று ஐ.எப்.ஏ. கேடயம் கொண்டமை இதற்குச் சான்று. லீக்கிலோ மாதக்கணக்கான உழைப்பே அளவுகோல். முதல்நின்றார் மேற்படிக்கு ஏறுவர், கடைநின்றார் இறங்குவர்.

2023–24ஆம் ஆண்டில் மூன்றாம் படியாகிய ஐ-லீக் 2-இனின்று இரு கழகங்கள் ஏறின. ஒன்று பெங்களூரு ஸ்போர்ட்டிங் கிளப். மற்றொன்று ஐந்துமுறை தேசிய லீக்கை வென்று, பின் விலகியிருந்த கோவாவின் டெம்போ. புதியோர் ஏறுதற்கும் பழையோர் மீளுதற்கும் அஃதொரு வாயில். ஏறிய பெங்களூரார் 2024–25இல் இரண்டாம் படியினின்று மீண்டும் இறங்கினர்.

இத்தாலியின் மூன்றாம் படியாகிய செரி சி-யில் 60 கழகங்கள் மூன்று பிரிவுகளாய் ஆடுகின்றன. ஆண்டுதோறும் நான்கு ஏறும். அந்நாட்டின் உச்சிப் படியினின்றும் மூன்று கழகங்கள் இறங்கும். நம் நாட்டிலோ உச்சியாகிய இந்தியன் சூப்பர் லீக்கிற்கு 2023இல் பஞ்சாபும், 2024இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஏறினவேயன்றி, 2024–25 முடிய அங்கிருந்து ஒன்றும் இறக்கப்பட்டிலது. மேலோர்க்கு வீழும் அச்சம் இல்லையேல் கீழோர்க்கு ஏறும் இடம் குறுகுமன்றோ? இக்குறை நீங்குதல் வேண்டும் என்போம்.

மழை பொய்த்த ஆண்டிலும் கரிசல் உழவர் விதையைப் போற்றி வைப்பர். தோற்றவர்க்கும் அடுத்த பருவம் உண்டென்பதே லீக்கின் அறம்.