ஜெர்மனியில் மேற்படிப்பு: புறப்படுமுன் கற்கவேண்டிய கணக்கும் மொழியும்

"ஜெர்மனியில் கல்விக் கட்டணமே இல்லையாமே?" என்ற வினாவோடு வங்கிக் கிளைகளுக்கு வரும் பெற்றோர் பெருகிவருகின்றனர். மாட்டுங்கா வட்டாரத்தில் இது வியப்பன்று. 1887-இல் தோன்றிய வி.ஜே.டி.ஐ.யும் 1933-இல் தோன்றிய ஐ.சி.டி.யும் அங்கே அருகருகே உள்ளன. பொறியியலும் வேதியியலும் பயின்றோர் பார்வை ஜெர்மனியின்பால் திரும்புவது இயல்பே. 2023–24 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டு உயர்கல்வி நிறுவனங்களில் பயின்ற இந்தியர் ஏறத்தாழ 49,000 பேர். அயல்நாட்டு மாணவருள் முதலிடம் இந்தியருக்கே.

பெற்றோரின் வினாவிற்குப் "பெரும்பாலும் உண்மை" என்று விடை கூறலாம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பயிற்சிக் கட்டணம் இல்லை. பருவந்தோறும் ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டுமே உண்டு. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்திற்கு 1,500 யூரோ பெறுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவம் முதல் கட்டணம் விதிக்கிறது. முதுநிலைக்கு அது பருவத்திற்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை. ஜெர்மன் மொழி வழங்கும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் விதிகள் வேறு. எனவே நாட்டின் பெயரை மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் விதியைப் பார்த்தல் வேண்டும்.

கட்டணம் இல்லாத இடத்திலும் குடும்பம் ஒரு பெருந்தொகையைத் திரட்டியே ஆக வேண்டும். அது மாணவரின் ஓராண்டு வாழ்க்கைச் செலவு. அதனை மாதாமாதம் அனுப்பிக்கொள்ளலாம் என்று எண்ணியிருப்போர் பலர். விசா விண்ணப்பத்தின்போதே முழுத்தொகையையும் காட்ட வேண்டும் என்பது விதி. இதற்காகவே 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் தடைக்கணக்கு உள்ளது. 2024 செப்டம்பர் முதல் அதில் இடவேண்டிய தொகை 11,904 யூரோ. மாணவர் அங்குச் சென்றபின் மாதம் 992 யூரோ வீதம் அவருக்கே விடுவிக்கப்படும். இது எவருக்கும் செலுத்தும் கட்டணமன்று. மாணவரின் சொந்தப் பணம், தவணையாகத் திரும்பி வருகிறது. இத்தொகை அவ்வப்போது உயர்த்தப்படுவதால் விண்ணப்பிக்கும் மாதத்தின் நிலவரத்தை ஜெர்மானியத் தூதரகத்தின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்க.

எளிமைக்காக ஒரு யூரோ 100 ரூபாய் எனக் கொள்வோம். தடைக்கணக்குக்கு 11,90,400 ரூபாய் வேண்டும். யூரோவின் விலை ஒரே ஒரு ரூபாய் ஏறினால் மேலும் 11,904 ரூபாய் தேவைப்படும். சரியாகக் கணக்கிட்டுச் சேர்த்த பணம் கடைசி வாரத்தில் போதாமற் போவது இதனால்தான். ஐந்து விழுக்காடேனும் கூடுதலாக வைத்துக்கொள்வது நலம்.

இப்பணம் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்புதல் திட்டத்தின் கீழ்ச் செல்கிறது. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். பான் எண் கட்டாயம். 2025 ஏப்ரல் 1 முதல், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பும் தொகைக்கு மூலத்தில் வரி வசூல் இல்லை. அதற்கு மேற்பட்ட பகுதிக்கே உண்டு. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு இவ்வசூல் முற்றிலும் இல்லை. வசூலிக்கப்பட்ட தொகையும் இழப்பன்று. அனுப்பியவர் தம் வருமான வரிக் கணக்கில் அதனை ஈடு செய்துகொள்ளலாம். வரி செலுத்தும் தந்தையோ தாயோ தம் பெயரில் அனுப்புவதில் உள்ள வசதி இதுவே.

இனிக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் இல்லை. அதற்கு மேல் பிணையம் தேவை. வெளிநாட்டுப் படிப்பிற்குக் குடும்பத்தின் பங்கு 15 விழுக்காடு. பிணையம் என்றவுடன் நம் மக்கள் வீட்டைத்தான் நினைக்கிறார்கள். மும்பைத் தமிழருக்குச் சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். செம்பூரில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் சொந்த அடுக்குமாடி வீடு உடையவர் பங்குச் சான்றிதழையும், பதிவு செய்த ஒப்பந்தத்தையும், சங்கத்தின் தடையின்மைச் சான்றையும் கொண்டுவந்தால் பணி நடக்கும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் மூன்று தலைமுறையாக வாழ்வோர் பலர் பகடி முறையில் குடியிருப்போர். பகடி என்பது வாடகை உரிமை. வீடு கட்டட உரிமையாளருடையது. எவ்வளவு மதிப்பு வாய்ந்த இடமாயினும் அதனை அடமானமாக ஏற்பது பொதுவாக இயலாது. தாராவியில் தம் கையால் கட்டிய வீட்டுக்கு மின்கட்டண ரசீதும் கணக்கெடுப்பு ஆவணமும் போட்டோ பாஸும் இருக்கலாம். அவை வசிப்பிடத்திற்குச் சான்றாகுமேயன்றி நிலத்தின் உரிமைப் பத்திரம் ஆகா. பத்து லட்சம் பெறுமான வீட்டில் இருந்தும் பத்து லட்சக் கடனுக்குப் பிணையம் இல்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது. மகனுக்கு அனுமதிக் கடிதம் வந்தபின் இதனை அறிவது கொடுமை.

ஆதலால் வீட்டுப் பத்திரத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தைப் பிறகு தேடலாம். வீடு உதவாவிடில் வைப்புத்தொகை, தேசிய சேமிப்புப் பத்திரம், ஆயுள் காப்பீட்டின் ஒப்படைப்பு மதிப்பு, ஊரிலுள்ள நிலம் ஆகியவற்றைப் பற்றிக் கிளையில் பேசலாம். திருநெல்வேலியிலோ சேலத்திலோ உள்ள பூர்வீக நிலம் பாகப் பிரிவினை ஆகாமல் இருந்தால், அதற்கே ஓராண்டு வேண்டியிருக்கும். தடைக்கணக்குத் தொகையையும் கடனில் சேர்க்க இயலுமா என்பதை ஒப்புதல் கடிதத்தில் எழுத்தாகவே பெறுக. பெயர் ஒற்றுமையால் ஒரு குழப்பமும் உண்டு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவிலுள்ள தேர்ந்த நிறுவனங்களில் பயில்வோருக்கு உரியது. ஜெர்மனிக்குச் செல்வோருக்கு அதனால் பயனில்லை. பட்டியல் இனத்தவருக்கும் வேறு சில பிரிவினருக்கும் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், இடங்கள் குறைவு. தாராவியில் இதனை அறிந்தவர் மிகச் சிலரே.

வட்டியையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. 15 லட்சம் ரூபாயை ஒரே தவணையில் பெற்று, ஆண்டு வட்டி 10 விழுக்காடு எனக் கொண்டால், தனிவட்டி மாதம் 12,500 ரூபாய். ஈராண்டுப் படிப்பும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை என்றாலும் வட்டி நிற்பதில்லை. மூன்றாண்டில் அது 4,50,000 ரூபாய். இயன்றவர் வட்டியை மட்டுமேனும் அவ்வப்போது செலுத்திவரலாம். பழைய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு எட்டு ஆண்டுகள் வரை கல்விக் கடன் வட்டிக்குக் கழிவும் உண்டு.

பணத்திற்கு இணையாக ஆவணங்களும் காலம் கேட்பவை. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவருக்கு ஏ.பி.எஸ். எனும் கல்விச் சான்று சரிபார்ப்பு கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். பல பல்கலைக்கழகங்களில் விண்ணப்பத்தின் கடைசி நாள் ஜூலை 15. சரிபார்ப்பு அதற்கு முன்பே கைக்கு வர வேண்டும். இங்கு மும்பைத் தமிழருக்கே உரிய இடர் ஒன்றுண்டு. மராட்டிய மாநில மதிப்பெண் பட்டியலில் குடும்பப் பெயர் முதலிலும், தந்தை பெயர் இறுதியிலும் அச்சாகும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து மட்டுமே. பள்ளியில் ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராக எழுதி, கடவுச்சீட்டில் தந்தை பெயரை எழுதி, ஆதாரில் தலைப்பெழுத்தோடு நிறுத்திய பிள்ளைகள் ஏராளம். ஒரே ஆள் மூன்று பெயரில் நிற்பது அயல்நாட்டு அலுவலருக்கு விளங்காது. இதனைச் சரிபார்ப்புக்கு அனுப்புமுன் திருத்துக.

அடுத்தது மொழி. ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் மிகுதியாதலின், ஜெர்மன் எதற்கு என்று கேட்போர் உண்டு. வகுப்பறைக்கு ஆங்கிலம் போதலாம். வீட்டு உரிமையாளருக்கும், நகராட்சி அலுவலகத்திற்கும், பகுதிநேர வேலைக்கும் போதாது. மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யச் சட்டம் இடந்தருகிறது; மொழி அறியாதவருக்கு அந்நாட்கள் வெறும் எண். ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளுள் பி1 வரை சென்று புறப்படுவது நன்று. அதற்கு 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை ஆகும் என்பது கெத்தே நிறுவனத்தின் கணக்கு. வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவருக்கு இது ஓராண்டுக்கும் மேற்பட்ட பணி. அந்நிறுவனத்தின் மும்பைக் கிளை காலா கோடாவில் மேக்ஸ் முல்லர் பவன் என்னும் பெயரில் இயங்குகிறது. (இருக்கு வேதத்தைப் பதிப்பித்த அந்த அறிஞர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை.)

தமிழர் இம்மொழிக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஜெர்மனில் வேற்றுமை நான்கே: நம் இலக்கணத்தின் முதலாம், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகளோடு அவை பெரிதும் ஒத்துப்போகும். "எனக்குக் குளிர்கிறது" என்று நாம் நான்காம் வேற்றுமையில் கூறுவதை அவர்களும் அவ்வாறே "மியர் இஸ்ட் கால்ட்" என்பர். 'மியர்' என்றால் எனக்கு. ஆங்கிலத்தை நினைத்து "இக் பின் கால்ட்" என்றால் தன்னை ஈரமற்ற நெஞ்சினர் என்று கூறுவதுபோல் ஆகிவிடும். துணைவாக்கியத்தில் வினை இறுதியில் நிற்கும். "தஸ் ஏர் மோர்கன் நாக் பெர்லின் ஃபேர்ட்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் "அவன் நாளை பெர்லினுக்குப் போகிறான்" என்ற நம் வரிசையே வரும். தமிழில் நினைத்துப் பேசினால் தவறு குறையும்.

மும்பைத் தமிழருக்கு மற்றொரு துணையும் உண்டு, அது மராத்தி. ஜெர்மனில் உயிரற்ற பொருளுக்கும் ஆண், பெண், அலி என மூன்று பால் உண்டு. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' அலிப்பால்! திணையறிந்து பால் வகுக்கும் தமிழ் மனம் இங்கே தடுமாறும். ஆனால் தாதர் சந்தையில் மராத்தி பேசி வளர்ந்த பிள்ளை 'தோ தர்வாஜா', 'தீ கிட்கீ', 'தே கர்' என்று மூன்று பாலையும் எண்ணாமலே வழங்குகிறது. பொருளுக்குப் பொருள் பால் மாறினும், சொல்லோடு பாலையும் சேர்த்து நினைவில் வைக்கும் பழக்கம் ஏற்கெனவே அமைந்துவிட்டது. எண்ணும் அப்படியே. இருபத்தொன்றை ஜெர்மானியர் "ஐன்-உன்ட்-ஸ்வான்ஸிக்", அதாவது ஒன்றும் இருபதும், என்பர்; மராத்தியின் 'ஏக்வீஸ்' இதே வரிசை. தொலைபேசி எண்ணையும் பணத்தொகையையும் கேட்டு எழுதும்போது இது பெரிதும் உதவும்.

வங்கி வாடிக்கையாளர் உணரவேண்டிய இரண்டு வேறுபாடுகள் உள. ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், பின்னத்திற்குக் காற்புள்ளியும் இடுவர். 11.904,00 என்றிருந்தால் பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு யூரோ. இதனைப் பதினொன்று என்று படித்துவிடக் கூடாது. நேரத்தில் "ஹால்ப் நொய்ன்" என்றால் சொல்லளவில் 'அரை ஒன்பது'. ஒன்பதரை என்று கொண்டு போனால் வண்டி போய் ஒரு மணிநேரம் ஆகியிருக்கும். அது எட்டரை.

சென்று இறங்கியபின் முதல் மாதமே கடினமானது. வீட்டில் குடிபுகுந்த இரண்டு வாரத்திற்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் உறுதிச்சான்று தேவை. உள்ளூர் வங்கிக் கணக்கு தொடங்கியபின்பே தடைக்கணக்கிலிருந்து மாதப் பணம் வரத் தொடங்கும். வாடகை முன்வைப்போ மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கப்படலாம். ஆகவே தடைக்கணக்கு நீங்கலாகத் தனியாக ஒரு தொகையைப் பயண அட்டையில் ஏற்றிச் செல்வது இன்றியமையாதது. ரொக்கமாக அயல்நாட்டுத் தாள்களை 3,000 டாலர் மதிப்பு வரையே இங்கிருந்து எடுத்துச் செல்லலாம்.

ரயில் நிலையங்களில் நம் லோக்கல் வண்டியைப் போலவே நுழைவுத் தடுப்பு இராது. சீட்டின்றிப் பிடிபட்டால் 60 யூரோ. ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமையே அரிசி வாங்கிவிடுக. பெட்டி கட்டும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி: ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோர் பால் பொருள்களைக் கொண்டுவரத் தடை உள்ளதால் நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்திலேயே போய்விடும். மாட்டுங்கா சந்தையில் வாங்கிய கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்திற்கும் அச்சான்று வேண்டியதில்லை. பொடி வகைகளைக் கடையில் கட்டிய உறையோடு வைப்பது நலம். ஊர்ச்சுவை தேடுவோர் ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் ஆலயத்தை நினைவிற் கொள்ளலாம். ஈழத்தமிழர் எழுப்பி 2002-இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் ஆண்டுத் தேர்த்திருவிழாவிற்குப் பல நாடுகளிலிருந்தும் தமிழர் வந்து கூடுகின்றனர்.