சின்ன கேபினட்டுக்கு கிராஃபிக்ஸ் கார்டு: முதலில் ஸ்கேலை எடுங்கள்

ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க் மாதிரி ஒல்லி கம்ப்யூட்டரை மலிவாக வாங்கி, ஒரு கிராஃபிக்ஸ் கார்டைச் செருகி கேம் ஆடலாம் என்று நினைக்கிறீர்களா? நல்ல யோசனைதான். மினி ஐடிஎக்ஸ் போர்டு போட்டுப் புதிதாக அசெம்பிள் செய்கிறவர்களுக்கும் பாதிக் கணக்கு இதேதான். பெரிய கேபினட்டில் எந்த கார்டு என்பதை உங்கள் பட்ஜெட் முடிவு செய்யும். சின்னதில் கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் முடிவு செய்யும். அதை மறந்து வாங்கிய பிறகு மூடி மூடாது, பிரித்த பெட்டியைக் கடைக்காரரும் திரும்ப எடுக்க மாட்டார். அப்படி நொந்தவர்கள் நிறையப் பேர்.

செய்ய வேண்டியவை

• நீளம், உயரம், தடிமன் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பலர் நீளத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். டூ ஸ்லாட் கார்டு சுமார் 40 மி.மீ. தடிமன். முன்பக்கம் ஃபேன் இருந்தால் நீளத்தில் 25 மி.மீ. கழியும். பவர் பிளக் பெரும்பாலும் கார்டின் மேல்விளிம்பில் இருப்பதால், கேபிள் வளைந்து வர உயரத்திலும் இடம் விடவேண்டும். சின்ன கேபினட்டுகளுக்கென என்விடியா 2024இல் அறிவித்த ‘எஸ்எஃப்எஃப் ரெடி’ அளவு 304 x 151 x 50 மி.மீ.; அந்த 151இல் கேபிள் வளைவும் சேர்த்தி. இந்த முத்திரையை நம்பி ஆபீஸ் டப்பாவுக்கு வாங்கிவிடாதீர்கள், அது ஐடிஎக்ஸ் கேபினட்காரர்களுக்கு.

• ஒல்லி கேபினட் என்றால் லோ ப்ரொஃபைல் கார்டு மட்டும் கேளுங்கள். சாதாரண கார்டின் பிராக்கெட் 120 மி.மீ. உயரம், இதற்கு 80தான். குட்டை பிராக்கெட் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

• எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இந்த ஆபீஸ் மெஷின்களில் பெரும்பாலும் 180 முதல் 260 வாட்ஸ்தான், கார்டுக்கென 6 பின், 8 பின் கேபிளும் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட்ஸ். ஆகவே தனி பவர் கேட்காத கார்டுதான் உங்களுக்கு. புதிதாக வாங்குவதில் என் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி லோ ப்ரொஃபைல்: 70 வாட்ஸில் முடித்துக்கொள்ளும்.

• செகண்ட் ஹேண்டில் தேடினால் ஆர்டிஎக்ஸ் ஏ2000 கிடைக்கிறதா என்றும் பாருங்கள். ஒர்க்ஸ்டேஷன் கார்டுதான், ஆனால் அதே 70 வாட்ஸில் 3050 6 ஜிபியைவிட அதிக கோர்கள். மினி டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருப்பதால் கன்வெர்ட்டர் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

• பழைய கார்டை கடையிலேயே மாட்டி ஜிபியு-இசட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அரதப் பழசான கார்டின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் மோசடி உண்டு. அப்படிப்பட்ட பலவற்றை இந்த சாஃப்ட்வேர் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரரோ, ஆன்லைனில் பார்த்த தனிநபரோ, ஓட்டிக் காட்ட மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

• ஐடிஎக்ஸ் கேபினட்டும் நல்ல எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளையும் இருந்தால் இரண்டு ஃபேன் ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 5060 பாருங்கள். முறையே 115, 145 வாட்ஸ், சூட்டைச் சமாளிக்கலாம். ஒரே சிப்பில் இரண்டு கார்டு இருந்தால், உள்ளே அடங்கும் பெரியதை எடுங்கள். ஹீட் சிங்க் பெரிதானால் சத்தம் குறையும்.

• மாட்டிய அன்றே பவர் லிமிட்டைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேரில் ஒரு ஸ்லைடர்தான். ஃப்ரேம் கொஞ்சம்தான் குறையும். மே மாத வெயிலில் ஃபேனின் இரைச்சல் நன்றாகவே அடங்கும்.

செய்யக்கூடாதவை

• சாட்டா பிளக்கிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் கன்வெர்ட்டரைத் தொடவே தொடாதீர்கள். சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 54 வாட்ஸ். 8 பின்னில் கார்டு 150 வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகும், சமயத்தில் தீயும் பிடிக்கும். ஆர்டிஎக்ஸ் 4060இலும் லோ ப்ரொஃபைல் உண்டு, பார்க்க ஆசையாக இருக்கும். அதற்கும் 8 பின் வேண்டும் என்பதால் ஆபீஸ் மெஷின்காரர்கள் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

• மாடல் பெயரை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. அது 130 வாட்ஸ் கேட்கும். ஜிடி 1030இல் டிடிஆர்4 மெமரி போட்ட கார்டும் விற்கிறது, ஜிடிடிஆர்5 கார்டின் பக்கத்தில்கூட வராது. கேம் ஆட இந்த 1030 இரண்டுமே வேண்டாம் என்பேன்.

• பழைய போர்டில் ஆர்எக்ஸ் 6400 போடாதீர்கள். 53 வாட்ஸ், சிங்கிள் ஸ்லாட் என்று அளவில் கச்சிதம்தான். ஆனால் அது நான்கு பிசிஐஇ லேன்களில் மட்டும் ஓடுகிறது. இன்டெல் 10ஆம் தலைமுறை வரையிலான மெஷின்கள் பிசிஐஇ ஜென் 3 என்பதால் அந்த லேன்களின் வேகம் பாதியாகும். 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் திக்கித் திக்கி ஓடும். வீடியோ என்கோடரும் இல்லை, ஸ்ட்ரீம் செய்கிறவர்களுக்கு உதவாது.

• பழைய மெஷினுக்கு இன்டெல் ஆர்க் வாங்காதீர்கள். ரீசைசபிள் பார் வசதி பயாஸில் இல்லையென்றால் அது படுத்துவிடும்.

• ஸ்லாட் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் டூ ஸ்லாட் கார்டு ஆர்டர் செய்யாதீர்கள். சில ஒல்லி மாடல்களில் பெரிய ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே இருக்கும். அங்கே சிங்கிள் ஸ்லாட்தான் நுழையும். முட்டி மோதி நுழைத்தாலும் ஃபேனுக்குக் காற்று கிடைக்காது.

• ஜென் 3 ரைசர் கேபிளில் ஜென் 4 கார்டை மாட்டிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்று கார்டைத் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் மானிட்டரை மதர்போர்டில் இணைத்து, பயாஸில் ஸ்லாட்டை ஜென் 3 என்று மாற்றுங்கள். பல சமயம் அதோடு சரியாகிவிடும்.

• பில் இல்லாமல் புதுக் கார்டு வாங்காதீர்கள். வாரண்டிக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

• எல்லாம் முடிந்த பிறகு மானிட்டர் கேபிளை மதர்போர்டு போர்ட்டிலேயே விட்டுவிடாதீர்கள். கேட்டால் சிரிப்பு வரும். “புதுக் கார்டு போட்டும் கேம் இழுக்கிறது” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.